மதகுத் தெருவில் பறை கேட்கவில்லை

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த கல்யாண மண்டபத்தை ஒரு நாளைக்கு டி.வி.க்காரர்கள் பிடித்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேடையில் கேமரா நின்றது. கீழே நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். புயலுக்கு அரசாங்கம் செய்தது போதும் என்பவர்கள் வலது பக்கம். போதாது என்பவர்கள் இடது பக்கம். சீர் வரிசையில் குறை கண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நீங்க எந்தப் பக்கம்?" நிகழ்ச்சி நடத்துகிற ஜெயஸ்ரீ கையில் அட்டையோடு வந்து கேட்டாள்.

"நான் ஓரமா நின்னுக்கறேம்மா."

"நிக்க முடியாதுங்க. கேமராவுல விழணும்ல?"

"அப்போ எங்க குந்தச் சொல்றியோ அங்க குந்தறேன். பக்கம் கிக்கம் எனக்கு வேணாம்."

அவள் சிரித்துவிட்டு நட்டநடுவே தனி நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னாள். தாவீது உட்கார்ந்தார். கோர்ட்டில் கூண்டு ஏறியது போலத்தான் இருந்தது.

தாவீது மணலேரிக்குத் தலையாரி. முப்பத்தொரு வருஷ வேலை. 'கிராம உதவியாளர்' என்று கவர்மெண்ட் பேரை மாற்றியதே தவிர வேலையை மாற்றவில்லை. நிலம் அளக்கச் சங்கிலி பிடி, காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடு, டீ வாங்கி வா, ஊருக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் பறையை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக அடி. படிப்பு மூன்றாங்கிளாஸ். கையெழுத்து மட்டும் போடுவார். எழுதத் தெரிந்தவன் எதை நீட்டினாலும் அதில் தனக்கு ஒரு குழி வெட்டியிருக்கும் என்பது அவர் கண்ட அனுபவம். இன்னும் நாலு மாதம் தள்ளினால் ரிட்டயர்மெண்ட். அதற்குள் இந்தப் புயல் வந்து தொலைத்தது.

புயல் கரையேறிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் விடாத மழையில் மேலே ஏரி முட்டிக்கொண்டு நிற்க, மதகைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் கருக்கலில் ஆறு மணலேரிக்குள் புகுந்தது. ஆற்றோரம் கடைசித் தெருவான மதகுத் தெருவில் இரண்டு உயிர் போயிற்று. ஒன்று, கொத்தனார் சேட்டுவின் மகள் வெண்ணிலா, பதினோரு வயசு. இன்னொன்று, இடுப்பு விழுந்து படுக்கையில் கிடந்த முத்தாலம்மாள். அந்த முத்தாலம்மாளின் மகன் பிரேம்தான் இவ்வளவுக்கும் காரணம். தாம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன்; வெள்ளம் வந்த ராத்திரி மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டவன். பேப்பருக்குப் போன் போட்டான், ரோட்டை மறித்தான், மனு எழுதி ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினான். கடைசியில் டி.வி.யையே ஊருக்குள் இழுத்துவிட்டான்.

இழுத்த பிறகு எல்லாச் சண்டையும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மதகுத் தெருவில் முன்கூட்டித் தண்டோரா போட்டார்களா, இல்லையா? போட வேண்டியவர் தாவீது. அதனால் அவருக்கு நடு நாற்காலி.

காலையிலேயே வி.ஏ.ஓ. கங்காதரன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"யோவ் தாவீது, ஒரே வார்த்தை. 'எல்லாத் தெருவுலயும் போட்டேன்.' அவ்வளவுதான். ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்து இருக்கு. மாத்திச் சொன்னா உனக்குப் பென்ஷன் போச்சு, எனக்கு வேலை போச்சு."

"நீங்க எழுதினத நான் படிச்சிட்டா சார் போட்டேன்?"

"முடிஞ்சுது சார்னு அன்னிக்குப் போன்ல சொன்னது யாரு? எங்க அப்பனா?"

சொன்னது தாவீதுதான்.

மண்டப வாசலில் பிரேம் வழி மறித்தான்.

"அண்ணா, பயப்படாத. 'எங்கிட்ட யாரும் தண்டோரா போடச் சொல்லல'ன்னு சொல்லிடு. மேல கீறவன் வரைக்கும் ஆடிப்பூடுவான். உன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே ரோட்ல குந்தும்."

"சொன்னாங்களேப்பா."

"சொன்னா இன்னா? எங்க தெருவுக்கு நீ வந்தியா?"

"வர்ல."

"அப்போ சொல்லலன்னுதான அர்த்தம்!"

இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி தாவீது நடு நாற்காலியில் இருந்தார். நிஜம் இடது பக்கம் இரண்டாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பேர் சேட்டு.

அன்றைக்கு நடந்தது இதுதான். மத்தியானம் மூன்று மணிக்குத் தாவீதுக்குச் சேதி வந்தது. ஆறு மணிக்கு மதகு திறப்பு, ஆற்றோரத்து ஜனம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒன்பது தெரு. மழையில் பறைத் தோல் தொய்ந்து தொப்பென்று சத்தம் கொடுத்தது. இரண்டு தெருவுக்கு ஒரு தரம் டீக்கடை அடுப்பில் வாட்டி வாட்டி எடுத்துக்கொண்டு எட்டுத் தெரு முடித்தார். மதகுத் தெரு முனையில் திரும்பினார். அங்கே குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை தொங்கியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சேட்டு ஓடி வந்து கும்பிட்டான்.

"அண்ணா, அடிக்காதணா. பாப்பாவுக்கு ஆத்தா போட்டு கீது. இன்னிக்கு நாலாம் நாளு. மொதத் தண்ணி கூட ஊத்தல."

மழைக்காலத்தில் வராத அம்மை அந்த வருஷம் வந்திருந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கிற வாசனையே ஆத்தாளுக்கு ஆகாது. பறைச் சத்தம் எங்கே ஆகும்? பிணம் தூக்கிக்கொண்டு போகிறவன் கூட அந்தத் தெரு வந்தால் மேளத்தை நிறுத்திவிட்டுத்தான் போவான். தாவீது வேதக்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இருந்தாலும் பிறந்தது முதல் அந்த ஊர்த் தண்ணியைக் குடித்தவர். கை தானாகக் குச்சியை இறக்கியது.

"டேய், ஏரி தொறக்கறாங்கடா. ஆறு மணிக்கு. எல்லாம் இஸ்கூலுக்குப் போவணும்னு ஆர்டரு."

"நான் சொல்லிக்கிறேன்ணா. இருவத்தி ரெண்டு வூடுதான? ஒவ்வொரு வூடா நானே சொல்லிடறேன். நீ போணா, நனையாத."

நனையாத என்ற அந்தச் சொல்லில்தான் தாவீது விழுந்தார். மூன்று மணி நேரமாக அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தது. திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கங்காதரனுக்குப் போன் போட்டார். "முடிஞ்சுது சார்."

தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி சாராளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் காப்பியை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்யா, அம்மை கண்ட வூட்டுக்காரன் எப்பிடி அடுத்தவன் வாசல்ல ஏறுவான்? ஏத்துவாங்களா?"

துண்டு தலையிலேயே நின்றது. இது அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. அம்மை வீட்டுக்காரன் ஒருத்தர் வீட்டுக்குப் போகமாட்டான், அவன் வீட்டுக்கும் யாரும் வரமாட்டார்கள். ஊருக்கே தெரிந்தது.

"வெளிய நின்னு கூப்ட்டுச் சொல்லுவான்," என்றார்.

"இந்த மழையிலயா?"

"எழுவத்தாறு வெள்ளத்துலயே மதகுத் தெருவுக்கு முட்டிக்கால் தண்ணிதாண்டி வந்துது. ஒண்ணும் ஆவாது. காப்பியக் குடு."

குடித்தார். படுத்தார். அதுதான் நடந்தது.

வெண்ணிலாவைப் புதைத்த அன்று சேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னான். நாலு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டானாம். மழைச் சத்தத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஐந்தாவது வீடு முத்தாலம்மாள் வீடு; அம்மை வீட்டுக்காரன் கதவைத் தட்டக் கூடாதே என்று வாசலிலேயே நின்றானாம். அதற்குள் அவன் பெண்சாதி செல்லம்மா கத்தினாளாம், 'தண்ணி ஊத்தாத பொண்ண இஸ்கூலுக்குத் தூக்கினு போயி ஊருக்கே ஒட்ட வெக்கச் சொல்றியா? ஆத்தா பாத்துப்பா, உள்ள வா' என்று. உள்ளே போய்விட்டான். கருக்கலில் தண்ணீர் வந்தபோது செல்லம்மாவைக் கூரைமேல் ஏற்றிவிட்டு இறங்கிய நேரத்தில் பாயோடு பெண் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் விளக்குகளைப் போட்டார்கள். முகத்தில் அடுப்பு வெக்கை மாதிரி சூடு அடித்தது. வலது பக்கம் முதல் வரிசையில், வருவாய்த் துறையின் பெரிய அதிகாரி ஒருவர் கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எத்தனை பொட்டலம் சாப்பாடு, எத்தனை பாய், எத்தனை முகாம் என்று வாசித்தார். பக்கத்தில் கங்காதரன் ரிஜிஸ்டரை மடியில் வைத்திருந்தார்.

பிரேம் எழுந்தான். நன்றாகத்தான் பேசினான்.

"சார், மூணே கேள்வி. ஏரி நெறையறது மூணு நாளா உங்களுக்குத் தெரியும். தொறக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடிதான் ஊருக்குச் சொன்னீங்க, ஏன்? முகாம்னு சொன்ன இஸ்கூலு பூட்டிக் கெடந்துது. எட்டுத் தெரு ஜனம் ராத்திரி முச்சூடும் வராந்தாவுல நின்னுச்சு. சாவி யாருகிட்ட இருந்துது? படகு மறுநாள் மத்தியானம்தான் வந்துது. அதுவும் நீங்க அனுப்பல. கோவளத்து மீன்காரங்க அவங்களா லாரியில ஏத்திக்கினு வந்தாங்க. உங்க படகு எங்க சார் போச்சு?"

இடது பக்கம் கை தட்டியது. வலது பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் தட்டிவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

அதிகாரி அசரவில்லை. "உணர்ச்சிவசப்பட வேண்டாம். முன்னெச்சரிக்கை முறையா கொடுக்கப்பட்டிருக்கு. ரெக்கார்ட் இருக்கு." ரிஜிஸ்டரை வாங்கி விரலை வைத்து வாசித்தார். "மதகுத் தெரு. மாலை அஞ்சு நாப்பது. தண்டோரா போடப்பட்டது. எச்சரிக்கை கேட்டும் வெளியேறாதவங்களுக்கு அரசு என்ன செய்ய முடியும்?"

"எவன்டா போட்டான்?" என்று இடது பக்கம் மொத்தமும் எழுந்தது. ஜெயஸ்ரீ கையைத் தூக்கி அடக்கினாள். அவளுக்கு இந்த நேரம்தான் வேண்டியிருந்தது என்று தாவீதுக்குப் பட்டது. மைக்கைக் கொண்டுவந்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"போட்டவர் இங்கயே இருக்கார். ஐயா, நீங்க சொல்லுங்க. மதகுத் தெருவுல தண்டோரா போட்டீங்களா?"

தாவீது இடது பக்கம் பார்த்தார். சேட்டு இப்போது தலையைத் தூக்கியிருந்தான். பதினெட்டு நாளில் கன்னம் ஒட்டிப் பல் துருத்திக்கொண்டிருந்தது. அவன் தோள்மேல் பிரேம் கை போட்டிருந்தான், அண்ணன் தம்பி மாதிரி. தாய் செத்தவனும் மகள் செத்தவனும். 'இவன்தான் தடுத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கை எங்கே போகும் என்று தாவீதுக்குத் தெரியும். பெண்ணைப் பறிகொடுத்தவனைத் தெருவே சேர்ந்து கல்லால் அடிக்கும். அப்புறம் அவன் உயிரோடு இருக்கமாட்டான்.

"அடிக்கல," என்றார்.

கங்காதரன் ரிஜிஸ்டரைக் கீழே போட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஆர்டர் வரலையா ஐயா?"

"வந்துது. மூணு மணிக்கு வந்துது. எட்டுத் தெரு அடிச்சேன்."

"அப்புறம் ஏன் அந்தத் தெருவுல மட்டும் அடிக்கல?"

"மழை. முட்டி வலி. வூட்டுக்குப் பூட்டேன்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. அதிலிருந்து ஒரு ஆளை மட்டும் எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து அவர் மார்பில் அடித்து உடைந்தது. "சம்பளம் வாங்கித் தின்னுட்டு வூட்ல போயி தூங்கினியாடா, கெழட்டுப் பொணமே!" பிரேம் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "எங்கம்மாவ நீயா கொன்ன? உன்ன நம்பி வாசல்ல நின்னு பேசினேனே!"

அதிகாரி எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"பாத்தீங்களா? அரசு தன் கடமையைச் செஞ்சிருக்கு. ஒரு தனிநபரோட அலட்சியம்தான் இவ்வளவுக்கும் காரணம். மக்கள் முன்னாலயே சொல்றேன். இவர் இன்னியிலேர்ந்து சஸ்பெண்ட்."

இரண்டு பக்கமும் கை தட்டியது. நிகழ்ச்சி ஆரம்பித்ததிலிருந்து இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டியது அது ஒன்றுக்குத்தான்.

அப்போது சேட்டு எழுந்தான். மைக் அவனிடம் போனது.

"அவுரு மேல ஒண்ணும் இல்ல சார். நான்தான். எம் பொண்ண நான்தான் கொன்னேன். பிரேமு அம்மாவையும் நான்தான் சார் கொன்னேன். நான் போயி சொல்லியிருந்தா..." வாயைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான்.

பிரேம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, அப்படிச் சொல்லாதணா. நீ இன்னாணா பண்ணுவ?" பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கிற ஒரு தகப்பனோட வேதனை. இதுக்கு யார் பதில் சொல்வாங்க? ஒரு சின்ன இடைவேளை."

இடைவேளைக்குப் பிறகு பாட்டுப் பாடுகிற பெண் ஒருத்தி வந்து புயலைப் பற்றிப் பாடினாள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் தாவீது தனியாக நின்றார். ஊர்க்காரர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். கொஞ்சம் பொறுத்து சேட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"நான் சொன்னேனே, பாத்தியாணா? ஒருத்தனும் நம்பல."

"எப்பிடி நம்புவான்? நீ அழுதுக்கினே சொன்ன. டி.வி.ல அழுதா அது வெறும் அழுவைதான்."

"நீ ஏன்ணா எம் பேர உட்டுட்ட?"

"பொய்யா சொன்னேன்? மழைதான. வூட்டுக்குத்தான போனேன்."

படப்பை பஸ் ஒன்று நிற்காமல் போனது. சேட்டு அதைப் பார்த்துக்கொண்டே, "பிரேமுகிட்ட தனியா சொல்லிடறேன்ணா. அவன் கை எந் தோள் மேல இருந்தா நெருப்ப வச்ச மாரி கீது," என்றான்.

"வெட்டிப் போடுவான்."

"போடட்டும்."

தாவீது வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை.

பிரேம் வெட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவன் தாவீது வீட்டுக்கு வந்தான். சாராள் பயந்துபோய் கதவுக்குக் குறுக்கே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. வாசலில் கிடந்த கருங்கல்லில் உட்கார்ந்தான். கையில் மனு இருந்தது. நூற்று நாற்பது கையெழுத்து. திங்கட்கிழமை காஞ்சிபுரம் போய்க் கலெக்டரிடம் கொடுப்பதாக ஊர் கூடிப் பேசியிருந்தது.

"சேட்டு சொன்னான்," என்றான். "எல்லாத்தையும்."

"அடிச்சியா?"

"எங்க அடிக்கறது? எங்கம்மா வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, கதவத் தட்டக் கூடாதுன்னு திரும்பிப் போயிருக்கான். அவன் தட்டியிருந்தாலும் எங்கம்மாவே 'கிட்ட வராதடா, அம்மை வூட்டுக்காரன்'னுதான் சொல்லியிருக்கும். இதுல யார அடிக்கறது?" மனுவை மடித்தான். "தெருவே தெரிஞ்சிக்கிச்சி. பாதிப் பேரு கையெழுத்த வாபஸ் வாங்கச் சொல்றான். 'நம்ம தப்ப நாமளே வச்சிக்கினு அவன இன்னா கேக்கறது, ஆத்தா கோவம்னு உட்று'ன்றான். நானும் உட்டுட்டேன்."

தாவீதுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஆத்தாவாடா மதகத் தொறந்தா? சேட்டாடா இஸ்கூலுக்குப் பூட்டுப் போட்டான்? நான் அடிக்காதது தப்பு. அதுக்கு என்ன செருப்பால அடி. அவன் சொல்லாதது தப்பு. அவனையும் அடி. ஆனா மூணு நாளா தெரிஞ்சிக்கினே மூணு மணிக்குச் சொன்னானே, அவன யாரு அடிக்கறது? எட்டுத் தெருவுல நான் அடிச்சேனே, அந்த ஜனம் போயி பூட்டின கதவுமுன்னாடி நின்னுச்சே, அது யாரு தப்பு? போயி கேளுடா!"

பிரேம் அவரையே பார்த்தான். கோபமாகக் கூட இல்லை.

"இத்த நீ ஏன்ணா அன்னிக்குக் கேக்கல? மைக்கு உன் வாய்க்கு நேரா இருந்துச்சே. எங்களுக்கெல்லாம் கையத் தூக்கிக்கினு நின்னு, அழுது, கெஞ்சி வாங்க வேண்டியிருந்துது. உனக்குத் தானா வந்துது. நாடே பாத்துக்கினு இருந்துது. 'மழை, முட்டி வலி'ன்னுட்டுக் குந்திக்கினியே."

அன்றைக்கு ஒருத்தனை மறைப்பதிலேயே புத்தி முழுக்க நின்றுவிட்டது. அவனை மறைத்த துணியிலேயே மேலிடத்து ஆட்கள் எல்லாரும் ஒண்டிக்கொண்டார்கள் என்பது தாவீதுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இப்போ சொல்றேன். வா, ரெண்டு பேருமாப் போலாம்," என்றார்.

"இப்போ யாருணா கேப்பான்? நீ கடமையில தூங்கினவன். நான் அத்த நம்பிக் கூச்சல் போட்டவன்."

எழுந்து, பின்பக்கத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். மனுவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மணலேரியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒருவரும் போகவில்லை.